பச்சைப் பட்டன்

"ஒரே மாசத்துல பதினோரு எமர்ஜென்சி! உனக்கு என்னதாம்மா ஆச்சு?"

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டான் கேஷவ். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். காபி குடிக்கறியா?" என்றாள் அவன் அம்மா சுப்புலக்ஷ்மி.

அதுதான் அவனுக்கு எரிச்சல். அம்மா இங்கே தனியாக இருக்கிறாளே என்று, இன்டர்நெட்டில் ஓடும் வீட்டு போன் ஒன்றை இரண்டு மாதத்துக்கு முன் அவனே வாங்கிப் பொருத்தினான். பழைய லேண்ட்லைனில் பாதிகூட வாடகை கிடையாது. சிவப்புப் பட்டன் ஆம்புலன்ஸுக்கு. அதற்காக விலாசம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பதுவரை எல்லாம் பதிந்து வைத்தான். நீலம் அவனுக்கு. பச்சை அவன் மனைவி ரஞ்சனாவுக்கு. எதை அமுக்கினாலும் எடுப்பவரின் மொபைலில் 'எமர்ஜென்சி' என்று கொட்டை எழுத்தில் வரும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்யலாமே என்று ஆப்பைத் திறந்தவன் கண்ணில், அம்மா அமுக்கிய எமர்ஜென்சிகளின் லிஸ்ட் பட்டுவிட்டது.

"பாரு. செவ்வாய் அஞ்சு முப்பத்தஞ்சு, ரஞ்சனா. வியாழன் அஞ்சு முப்பத்தஞ்சு, ரஞ்சனா. ஆபீஸ்ல வேலை பாத்துண்டிருக்கறவளை இப்படியா படுத்தறது? அவ வாயைத் திறந்து சொல்ல மாட்டா. எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துப்பா?"

"எவ்வளவு நேரம் பேசினேன்னு போட்டிருக்கா?"

"பத்து செகண்ட்."

"போறுமே. அதுக்கு மேல என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு?"

தன் அம்மா மற்ற மாமியார்கள் மாதிரி இல்லை என்று ஆபீஸ் முழுக்க அளந்து வைத்திருந்தவன் கேஷவ். அவமானமாக இருந்தது.

"சரி, பச்சைப் பட்டன்லேர்ந்து அவ நம்பரை எடுத்துடறேன்."

சுப்புலக்ஷ்மி காபியை அப்படியே வைத்தாள்.

"அதுல மட்டும் கை வைக்காதே. குழந்தை பாவம்டா."

"எந்தக் குழந்தை?"

"நன்னாயிருக்கு. உன் பொண்ணு அம்முதான். சான்பாடால உங்காத்துப் பக்கத்துல அவளை விடற க்ரெஷ் ஆறரைக்கு மூடிடறா. ரஞ்சனா ஆபீஸ் விட்டு செம்பூர்ல அஞ்சு அம்பத்திரெண்டு லோக்கல் ரயிலைப் பிடிச்சாத்தான் உண்டு. அவ மேனேஜர் அஞ்சரைக்குத்தான் மீட்டிங்கே ஆரம்பிப்பானாம். மத்த குழந்தைகள் எல்லாம் போனப்புறம், நாலு வயசுக் குழந்தை பையை மடில வெச்சுண்டு வாசலையே பாத்துண்டு உக்காந்திருக்குமாம்."

கேஷவ் வீடு திரும்பும்போது அம்மு தூங்கியிருப்பாள். அவளை க்ரெஷிலிருந்து யார் எப்போது அழைத்து வருகிறார்கள் என்று அவன் யோசித்ததே இல்லை.

"அதனால மீட்டிங் நாள்ல நான் பச்சையை அமுக்குவேன். 'கிளம்புடீ'ம்பேன். அவ மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு, 'சார், மாமியாருக்கு முடியலை'ம்பா. மூச்சு முட்டல், தலை சுத்தல் எல்லாம் ஆயாச்சு. போன வாரம் எனக்கு ஆஞ்சியோகூட ஆயிடுத்து. ஆபீஸ்ல எல்லாரும் சேந்து பழக்கூடை அனுப்பியிருக்கா. ஆப்பிள் தின்னறியா?"

கேஷவ் சிரித்துவிட்டான். சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மேனேஜரையே ஆட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இந்த யோசனை யாரோடது? உன்னுதா, அவளுதா?"

"யோசனையெல்லாம் பண்ணலைடா. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கிடுத்து. அன்னிக்கு நிஜமாவேதான் அமுக்கினேன். டாக்ஸி பிடிச்சு அரை மணியில வந்து நின்னா. வெறும் சுளுக்குதான். எமர்ஜென்சின்னு சொன்னா அந்த மேனேஜர் மறுபேச்சு இல்லாம விட்டுடறான்னு அப்பத்தான் தெரிஞ்சது."

கேஷவின் சிரிப்பு நின்றது.

"வழுக்கி விழுந்தியா? ரஞ்சனா ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான்தான் சொல்லாதேன்னேன். நீ வருத்தப்படுவே."

"அதுக்காக? பெத்த பிள்ளை நான் இருக்கேன். முதல்ல எனக்குன்னா அடிச்சிருக்கணும்?"

சுப்புலக்ஷ்மி ஆப்பிளை நறுக்க ஆரம்பித்தாள்.

"அந்த லிஸ்டை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளு" என்றாள், நிமிராமல்.

தள்ளினான். போன மாதம் பதினாலாம் தேதி. நாலு ஒன்பதுக்கு ரஞ்சனா, முதல் மணியிலேயே எடுத்திருந்தாள். அதற்குக் கீழே நாலு எட்டு, நாலு ஏழு, நாலு ஆறு என்று மூன்று முறை கேஷவ். மூன்று முறையும் அவனே கட் பண்ணியிருந்தான்.