சர்க்கரை மாதிரிதான்

மனநலப் பிரிவில் நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று, நர்சிங் மாணவிகளான எங்களுக்கு உமாமகேஸ்வரி சிஸ்டர் நேரிலேயே செய்து காட்டினார்.

எதிரே, மகளுக்கு மாத்திரை வாங்கப் பூவத்திலிருந்து வந்திருந்த பங்கஜவல்லி.

“பொண்ணு நல்லாயி ரெண்டு வருசமாச்சுங்க. வேலைக்கும் போறா. இப்ப ஒரு வரன் வந்திருக்கு. மாத்திரை சாப்பிடறத மறைச்சிடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.”

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எதுக்கும்மா மறைக்கணும்? சர்க்கரை, பிரஷர் மாதிரிதான் இதுவும். தைரியமாச் சொல்லுங்க.”

“கேட்டுட்டு வேணாம்னுட்டா?”

“இதுக்குப் போயி வேணாம்னா, அவங்களுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்.”

நாங்கள் அதையும் எழுதிக்கொண்டோம்.

பங்கஜவல்லி கண்ணைத் துடைத்தார். “இப்பத்தாங்க நிம்மதி. மாப்பிள்ளை யாருன்னு தரகர் நேத்துதான் சொன்னாரு. கோட்டுச்சேரி ஹரிஹரன். உங்க மகன்தாங்க.”

சிஸ்டரின் கை மெல்ல விலகியது. பேச்சு நின்றது.

நோயாளிகளிடம் மௌனமும் ஒரு சிகிச்சை முறைதான் என்று காலையில் பாடம் நடத்தியிருந்தார். ஆகவே நாங்கள் பயபக்தியோடு நேரத்தைக் குறித்துக்கொண்டோம்.

நாலு நிமிடம் கழித்து சிஸ்டர் வாய் திறந்தார்.

“எதுக்கும் ஜாதகத்த இன்னொரு தடவ நல்லாப் பாத்துடுவோம்மா.”