தலையை ஆட்டாதீங்க!

"மறுபடியும் தலையை ஆட்டுறீங்க! கழுத்துல ஸ்பிரிங்கா வச்சிருக்கு?" அதட்டினாள் நெவெனா.

"பிறந்ததுலேர்ந்து வந்த பழக்கம்டி, என்ன செய்ய?" என்றார் கணவர் ஸஹாரி.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இன்டர்வியூ. இந்தத் தடவையும் சொதப்பினா?"

"அதை நினைச்சாலே நீ சுட்ட பனிட்சா ரொட்டிகூட உள்ளே இறங்க மாட்டேங்குது."

சோபியா நகரில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் படபடப்போடு நுழைந்தார். அறையில் காத்திருந்த உக்ரேனியப் பெண் லெஸ்யா எழுந்து வணக்கம் சொன்னாள். எதிரே, கேள்வி கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்தார் ஸஹாரி.

போன மாதமும் வந்தவள்தான். அவளுடைய சரியான பதில்களுக்கெல்லாம் இவர் பல்கேரிய வழக்கப்படி, 'ஆமாம்' என்று தலையை இடவலமாக ஆட்டினார். எல்லாமே தப்பு என்று நினைத்தவள், பாதியிலேயே கண்கலங்கி எழுந்து போய்விட்டாள். விஷயம் தெரிந்ததும் அவரே போனில் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

முதல் கேள்விக்கே பிரமாதமாகப் பதில் சொன்னாள் லெஸ்யா. ஸஹாரியின் கழுத்து துடித்தது. இரண்டு கைகளாலும் தாடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ரொம்பச் சரிம்மா" என்றார்.

லெஸ்யா சிரித்துவிட்டாள்.

"கையை எடுங்க சார், தாராளமா ஆட்டுங்க. ஒரு மாசமா நானும் அதைத்தான் படிச்சுட்டு வந்திருக்கேன்!"