கல்வாழைக்குத் தண்ணீர்

அம்மாவின் முதல் நினைவு நாளுக்காக ரூத் சதுரங்கப்பட்டினம் வந்திருந்தாள். கல்லறையில் வைக்க, அம்மா வீட்டுக் கொல்லையில் செழித்துக் கிடந்த கல்வாழையில் பூப் பறித்தாள்.

"இந்த வெயில்ல எப்டி காயாம கீது? நீங்க தண்ணி ஊத்துறீங்களாண்ணா?" என்று பக்கத்து வீட்டுச் சின்னராசுவிடம் கேட்டாள்.

"நான் இன்னாத்துக்கு ஊத்தணும்? குளிக்கிற தண்ணி பூரா அதுக்குத்தான போவுது. நீ குடி வச்சிகீற அம்மா தெனம் ரெண்டு வாட்டி குளிக்குது. மொகத்ததான் இன்னும் பாக்கல."

ரூத் கைப்பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வூட்ட யாருக்கும் வுடலண்ணா. பூட்டித்தான் கீது. சாவி எங்கிட்ட."

அப்போது குளியலறைக் குழாய் வழியே கல்வாழைக்கு நுரைத் தண்ணீர் வந்தது. சீயக்காய் வாசனை அடித்தது.

அம்மா கடைசிவரை ஷாம்பு தொட்டதில்லை.