இரண்டு பேருக்கான பொட்டலம்

அடுப்படிச் சன்னலின் காலை வெயில் விஜயத்தின் கைமேல் விழுகிறது. வாட்டிய வாழையிலையில் புளியோதரையை அமுக்கி மடிக்கிறாள். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாதாம். அதனால் இலைக்குமேல் துணி சுற்றுகிறாள். நாளை விடியற்காலை அகஸ்தியர்கூடம் மலையேற்றம்; இன்றே கிளம்ப வேண்டும். அதற்காக இரண்டு மாதமாகத் தினமும் அஞ்சு கிலோ அரிசியை முதுகுப்பையில் சுமந்துகொண்டு கோட்டையைச் சுற்றி நடந்திருக்கிறாள். ஸ்ரீவராகம் தெருவே பார்த்துச் சிரித்தது. காலையில் பையின் வாரை இறுக்கி அனுப்பிவைப்பது அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன்தான். இப்போது கூடத்தில் உட்கார்ந்து டார்ச்சையும், அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை ஏறும் காலுறைகளையும் அடுக்கிக்கொண்டிருக்கிறார். பொட்டலங்களோடு வந்தவள், தரையில் கிடக்கும் வனத்துறை பாஸின்மேல் எண்ணெய் படப்போகிறதே என்று குனிந்து எடுக்கிறாள். அதில் அவர் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே அவர் ஆபீஸ் நண்பன் பிரதீப்பின் பெயர். வேறு பெயர் இல்லை. தாளைத் திருப்பியும் பார்க்கிறாள். “நோக்கு முட்டி தாங்காதேன்னுதான்… சொல்லணும்னு நெனச்சிண்டே இருந்தேன்,” என்கிறார் அவர், பையின் ஜிப்பைப் பார்த்தபடி. “எப்போ எடுத்தேள்?” “போன மாசம்.” மூலையில் அவளுடைய பை அரிசியோடு சாய்ந்து நிற்கிறது. இன்று காலையும் அதன் வாரை அவர்தான் இறுக்கினார். மின்விசிறிக் காற்றில் பாஸ் அவள் விரல்களுக்கிடையில் படபடக்கிறது. பேச்சை மாற்றுவதாக நினைத்து, “சாதம் போறுமோன்னோ?” என்கிறார். அவள் பொட்டலங்களை அவர் பக்கம் நகர்த்துகிறாள். “போறும். ரெண்டு பேருக்குத்தானே கட்டியிருக்கேன்.”