சலேகா

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. தரையில் வெள்ளைப் போர்வை. டார்ச்சும் ட்வீசருமாக அதன்மேல் தவழ்ந்துகொண்டிருந்தார் திருநாவுக்கரசு. அவர் ஒட்டிக்கொண்டிருக்கும் பொம்மைக் கப்பலின் லைஃப்போட் ஒன்று, அரிசி அளவுதான், காணவில்லை.

“ஏங்க, என் தம்பி கேம்பல் பே போற கப்பல்ல ஏறிட்டான். வழியனுப்ப வரலையா?” என்றாள் மனைவி பானுமதி.

“காலை அசைக்காத. லைஃப்போட் கிடைக்கணும்.”

“ஒண்ணு கொறஞ்சா என்ன? சலேகா.”

“சலேகா, பரவாயில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊரே கெட்டுப்போச்சு. ஒரு படகு கொறஞ்சாலும் அது கப்பலே இல்ல.”

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேடலைத் தொடர்ந்தார்.

“சாப், ஜெட்டிலேருந்து வினோத். கேம்பல் பே கப்பல்ல ஒரு லைஃப்போட் கம்மி. ரிப்பேருக்குப் போனது இன்னும் வரல. கப்பல் இன்ஸ்பெக்டர் நீங்க ஓகே சொன்னாத்தான் கிளம்பும்.”

“கிளம்பச் சொல்லு. யாரு எண்ணிப் பாக்கப் போறா? சலேகா.”

பானுமதி தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், உடனே எறங்கு.”

பிறகு, தன் குதிகாலில் ஒட்டியிருந்த குட்டிப் படகைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே சுண்டிவிட்டாள்.