சந்தேகத்துக்கிடமான போன்

"யோவ், கையை எடு! அந்தப் பெட்டியைக் கீழ வையி!"

இன்னாசி போட்ட சத்தத்தில், மாதா சிலைக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"பெட்டி இல்லீங்க. போனு."

"இதுவா போனு? ஏலே ஜோஸ்வின், இங்கன வா."

இன்னாசியின் அண்ணன் மகன் ஜோஸ்வின் விசைப்படகு ஓட்டுபவன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் யூடியூப்பில் பார்த்து முடித்தவன் என்று பெயர். போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். மேல்பாதியைக் கட்டைவிரலால் தள்ளினான். சடக் என்று அது விலக, அடியிலிருந்து வரிசை வரிசையாகப் பொத்தான்கள் வெளியே வந்தன. கூடியிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"சித்தப்பா, சந்தேகமே இல்ல. சாட்டிலைட் போன்."

"நல்லாத் தெரியுமாலே?"

"இந்த மாதிரி எந்தக் கடையிலயும் கிடையாது. அப்ப என்னா அர்த்தம்?"

கடற்கரையில் புது ஆட்கள் யாராவது புதுமாதிரிக் கருவியோடு திரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று போன வாரம்தான் ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்தே இன்னாசி ஆள் தேடிக்கொண்டிருந்தார். இன்றுதான், மீன் பிரித்த கையோடு வரும்போது, ஒருவர் கிடைத்தார்.

பெரியவரை வலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஐஸ் பெட்டியின்மேல் உட்காரவைத்தார்கள். போலீசுக்குத் தகவல் போனது.

"எந்த ஊரு?"

"இப்பச் சொல்லக் கூடாதுங்க. சொன்னா வந்த வேலை கெட்டுப்போயிரும்."

"கேட்டுக்கிட்டீகளா? வந்த வேலையாம்!" இன்னாசி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "காலையிலேருந்து கடை கடையா நின்னு, எந்தப் படகு யாருது, எந்த வீட்டுல எத்தனை பேருன்னு விசாரிச்சிருக்கான். விசாரிச்சு முடிச்சதும் இங்கன உக்காந்து பொத்தானை அமுக்குறான்!"

"மகனுக்குத்தான் சேதி அனுப்பப் பாத்தேன்."

"நெசமாவே போனுன்னா வாட்சப்பைக் காட்டு பாப்பம்" என்றான் ஜோஸ்வின்.

"அது இதுல வராது தம்பி."

வாட்சப் இல்லாத மனிதரை அங்கே யாரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

"வராத போனை வச்சுக்கிட்டு என்னய்யா செய்ற?"

"நானும் கடல்காரந்தான். எந்நேரமும் ஈரக்கை. தொடுற போனுக்கு என் விரலு தெரிய மாட்டேங்குது. இது அமுக்குனாக் கேக்கும்."

இன்னாசி தன் கையிலிருந்த அகலமான போனை மறுபடியும் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேறொரு கவலை இருந்தது. மகள் பிரெசில்லாவுக்கு மூக்கையூரில் ஒரு வரன் பேச்சு. 'இன்னைக்கு முடிவு சொல்லிருவாக' என்று வரன் கொண்டுவந்த யாகப்பம்மாள் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் என்ன செய்வது என்று நினைத்து மூன்று இரவாக அவர் தூங்கவில்லை.

அப்போது பிரெசில்லா ஒரு செம்புத் தண்ணீரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, வயசானவரை என்ன பாடு படுத்துறீக?"

"உளவாளிம்மா. தள்ளிப் போ."

"உளவாளிக்குத் தாகம் எடுக்காதா? ஐயா, குடிங்க. காலையில சாப்பிட்டீகளா?"

பெரியவர் செம்பை வாங்கிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தார். அவள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தட்டில் நாலு இட்லியும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு யாருன்னு உனக்குத் தெரியுமா?" இன்னாசி கத்தினார்.

"தெரியாது. தெரிஞ்சவுகளுக்கு மட்டுந்தான் சோறு போடணும்னு எந்தக் கோயில்ல சொன்னாக?"

"இந்த வாயினாலதான் ரெண்டு இடம் தட்டிப்போச்சு!"

"என் வாயினாலயா, உங்க வாயினாலயா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னாசி முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அவரு போனைக் குடுங்கப்பா. வீட்டுல தேடுவாக. ஒரு சேதியாவது சொல்லட்டும்."

இன்னாசி யோசித்தார். "சரி. ஆனா என் கண்ணு முன்னால அனுப்பணும். ஒரெழுத்து விடாம நான் படிப்பேன்."

பெரியவர் இட்லிக் கையைக் கழுவிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டவே போனை வாங்கினார். சடக். பொத்தான்கள் வெளியே வந்தன. நிதானமாக அமுக்கினார்.

இன்னாசி குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடி வீட்டில் இருந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா?

"ம்... ம்... தப்பா ஒண்ணும் இல்ல."

"நல்லாப் படிச்சுட்டீகளா?" பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குச் சம்மதந்தானே?"

"அதான் சொல்லிட்டேன்ல! அனுப்பு!"

சடக். போன் மூடியது. பெரியவர் மிச்சமிருந்த இட்லியைச் சாப்பிடத் தொடங்கினார்.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டபோது இன்னாசியின் போன் அலறியது. யாகப்பம்மாள்! செதில் ஒட்டிய விரலால் அவர் திரையைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். போன் கேட்கவில்லை. பிரெசில்லா அதை வாங்கித் துப்பட்டாவில் துடைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாசி, நல்ல சேதி! மாப்பிள்ளையோட அப்பா யாருக்கும் தெரியாம விசாரிக்கணும்னு காலையிலயே உங்க ஊருக்கு வந்துட்டாராம். இப்பத்தான் மகனுக்கும் எனக்கும் மெசேஜ் போட்டிருக்காரு, படிக்கிறேன் கேளு: 'பொண்ணு தங்கம், இங்கனயே முடிச்சிருவோம். அப்பன்தான் கொஞ்சம் ஒரு மாதிரி, போகப் போகச் சரியாயிருவாரு.'"