பந்தை விடுங்கப்பா!

“வுட்டே… கொன்னுடுவேன்!” என்று பல்லைக் கடித்தான் லாசரஸ்.

“நீ வுட்டுப் பாரு, அப்பால தெரியும்!” என்று அதே சூட்டோடு திருப்பிக் கொடுத்தான் ஏகநாதன்.

பம்மல் அணி லாசரஸும் இரும்புலியூர் அணி ஏகநாதனும் மைதானத்தின் நடுவில், கமிட்டி வாங்கியிருந்த ஒரே கூடைப்பந்தை ஆளுக்கொரு பக்கம் அணைத்துக்கொண்டு நின்றார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு ஜன்னல் சீட்டுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்ட ஜோடி இது. அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்து இன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசுகிறார்கள், அதுவும் இந்த அழகில்.

1987 பொங்கல் போட்டி, அரையிறுதி. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று, மிச்சம் ஒரு நிமிடம். முள்வேலிக்குள் போய் மாட்டிக்கொண்ட பந்தைப் பம்மல் ஆட்டக்காரன் சின்னப்பன் பிடுங்கி உள்ளே வீச, இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எகிறிப் பிடித்துவிட்டார்கள்.

நடுவர் பக்தவச்சலம் விசில் ஊதினார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ரகம்.

“ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சா பந்து யாருக்கும் சொந்தமில்லை. எங்கிட்ட குடுங்க. மேல போடறேன், எகிறித் தட்டறவங்க எடுத்துக்கலாம்.”

இருவரும் அசையவில்லை. லாசரஸின் மனைவி மெட்டில்டா கைக்குழந்தையோடு கோட்டுக்கே வந்துவிட்டாள். “வுடாதய்யா! பத்து நாளா இதுக்காவத்தான வூட்டு வேலை எதுவும் செய்யாம சுத்திகினு இருந்த?” என்று கத்தினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு வராதவர்கள் இரண்டு அணிக்காரர்கள்தான். ஆட்டம் எந்தக் காரணத்தால் பாதியில் நின்றாலும் இரண்டு அணியும் வெளியே என்பது கமிட்டியின் விதி; அப்புறம் கோப்பை நேராகக் கேளம்பாக்கத்துக்குத்தான். இன்னொரு அரையிறுதியில் ஜெயித்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்திருந்த கேளம்பாக்கத்து ஆட்கள், கோப்பையை எந்த பஸ்ஸில் கொண்டுபோவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“அஞ்சு எண்ணுவேன். விடலைன்னா ஆட்டம் கேன்சல்!” என்றார் பக்தவச்சலம். “ஒண்ணு…”

இரும்புலியூர் கேப்டன் துரை ஓடிவந்தான். “டேய் ஏகு, இன்னாடா பேஜார் பண்ற? வுட்டுத் தொலைடா!”

ஏகநாதன் அவன் காதில் என்னவோ சொன்னான். துரையின் முகம் மாறியது. யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் பறந்தான். உருட்டுக்கட்டையோடுதான் திரும்பி வருவான் என்று கூட்டம் முடிவு கட்டியது. மெட்டில்டா குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள்.

“ரெண்டு… மூணு…”

“உம் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல,” என்றான் லாசரஸ்.

“நான் மட்டும் ஆசைப்பட்டா நிக்கிறேன்?” என்றான் ஏகநாதன். இருவருக்கும் வியர்வை வழிந்தது. ஒருத்தனும் துடைத்துக்கொள்ளவில்லை.

“நாலு…”

பக்தவச்சலத்துக்குப் பொறுமை போய்விட்டது. விசிலைப் பைக்குள் போட்டார். பந்தை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுக்கப் போனார்.

“ஐயோ, பஞ்சர் கடைக்காரர் வர்ற வரிக்கும் பொறு சார்!” என்று அலறினான் லாசரஸ்.

ஏகநாதன் அவனைவிடச் சத்தமாகக் கத்தினான்.

“இழுக்காத சார்! பந்துல ரெண்டு ஓட்டை… ஆளுக்கு ஒண்ணு அடைச்சினு கீறோம்!”